நாலு மணி பத்து நிமிஷம்

விமானங்களுக்கு வழிக்கணக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் தூரமும் பறக்கும் நேரமும் அவன் நாக்கு நுனியில் நிற்கும். அலுவலகத்தில் அவனுக்கு 'மைல்' என்றே பெயர். அந்தப் பெருமைதான் அவனைக் குப்புறக் கவிழ்த்தது.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய் நாலு வருஷம். அன்றிலிருந்து அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. போனில் அவள் குரல் கேட்டாலே பட்டென்று வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது, "அவ மூஞ்சியப் பாக்காம ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் கேட்டார். "பொண்ணு எப்ப வருவாங்க?"

"மூவாயிரத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர், சார். நாலு மணி பத்து நிமிஷம். நம்ம நேரப்படி நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிளம்பறா. பன்னெண்டு பத்துக்கு வந்துடுவா."

"சரி, ஒரு மணிக்கு ஆபரேஷன். அதத் தாண்டினா மறுநாள்தான். அது வரைக்கும் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

மறுநாள் காலையிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில், வரைபடத்தின் மேல் ஊரும் அந்தக் குட்டி விமானம் கடலைத் தாண்டுகிறதா என்று பார்ப்பான், அம்மாவின் கட்டிலுக்குப் போவான், வராந்தாவுக்குத் திரும்புவான், மறுபடி போனைப் பார்ப்பான். பன்னிரண்டு எட்டுக்கு விமானம் இறங்கியது.

"பாத்தியாம்மா, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டா!"

"எங்க?" என்று அம்மா வாசலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் தொழிலில் சக்கரம் தரையைத் தொட்டால் கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் விமானம் ஊர்ந்து வந்து நிற்க வேண்டும், பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, நெரிசலில் ஆஸ்பத்திரிக்கு இருபத்துநாலு கிலோமீட்டர். அதையெல்லாம் அவன் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. இருபது வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி!

பன்னிரண்டே முக்காலுக்கு நர்ஸ் காகிதமும் பேனாவுமாக வந்து நின்றாள். அவன் தங்கைக்குப் போன் போட்டான். "இன்னும் பாஸ்போர்ட் வரிசையிலதான்ணா நிக்கறேன். எனக்கு முன்னாடி அறுபது பேரு" என்று அழுதாள்.

பயத்தில் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா மேல், தன் மேல், முகம் தெரியாத அந்த அறுபது பேர் மேலும்.

"தப்பு என்னோடதும்மா. ஒரு மணிக்குள்ள அவளால வர முடியாது. உன் கால்ல வேணா விழறேன், கையெழுத்துப் போடு" என்றபடி போனை நீட்டினான்.

தள்ளிவிடுவாள் என்றுதான் நினைத்தான். அம்மா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அழாத. சாப்டியா? யாரையும் இடிச்சுத் தள்ளிட்டு ஓடி வராத, மெதுவா வா. நான் இங்கதான் இருப்பேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. நர்ஸ் அவசரப்படுத்தவும் போனை அவனிடம் கொடுத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

அவன் போனைக் காதில் வைத்தான். தங்கை விம்மிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷம் ஆச்சுண்ணா அந்தக் குரலக் கேட்டு. அம்மாவ இன்னொரு தரம் பேசச் சொல்லேன்."