கோடு போடாத சுற்று

ஓடுகிறதே, நன்றாகத்தானே ஓடுகிறது, என்று நூருல் அமீன் ஒற்றைக்கண் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தார், சக்கரம் சீராக ஆடுகிறது, தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கடைச் சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாயிற்று, அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை, பிறகு எதற்காக இந்தக் காசிமாயன் தான் ஓட்டும் மேலூர் பஸ்ஸை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மத்தியான வெயிலில் காஜிமார் தெருவரை நடந்து வந்து, "வாட்ச் பின்தங்குது பாய், எம்புட்டுன்னு சொல்லத் தெரியல, ஆனா பின்தங்குது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்... மதுரையில் வேறு கடிகாரக் கடையே இல்லையா, என்னிடம்தான் வரவேண்டுமா, தெரிந்துதான் வந்திருப்பானோ... இல்லை, முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, காக்கிச் சட்டையின் கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறான், போன பங்குனியில் இவன் இப்படியா இருந்தான்?

போன பங்குனியில் ஊரெல்லாம் இவன் பேச்சுதான். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று வருஷம் பூராவும் நடந்த அகில இந்தியப் பந்தயம், மட்கார்டு இல்லாமல் நாலு சக்கரமும் வெளியே தெரிகிற ஒற்றை ஆள் கார்கள், ஊருக்கு ஊர் வாங்குகிற புள்ளிகளைக் கூட்டிக் கடைசியில் ஒருவருக்குக் கோப்பை. மற்றவர்களெல்லாம் எஸ்டேட் துரைகளும் மில் முதலாளி பிள்ளைகளும், இவன் ஒருத்தன்தான் திருவாதவூர்க்காரன், பழைய கார் ஒன்றின் தகட்டை உரித்துப்போட்டுத் தானே கட்டிய வண்டி. கடைசிப் பந்தயம் இங்கே, ஊருக்குக் கிழக்கே வற்றிக் கிடந்த கண்மாயில், இருபது சுற்று, ஜெயித்தால் கோப்பை இவனுக்கு. நூருல் அமீன் பாய் வைத்த நேரம் பிசகாது என்று ஊர் சொல்லும், அதனால்தான் கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள், ஆளுக்கொரு கார், அவர் எண்ண வேண்டியது இவனுடைய ஏழாம் நம்பர், சுற்றுக்கு ஒரு கோடு... புழுதி, ஒரே புழுதி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்த அந்த ஒரு கணத்தில் ஒரு வண்டி அலறிக்கொண்டு போனது, ஏழுதான் என்று காதுக்குத் தெரிந்தது, இருமி இருமி ஓடும் அந்த எஞ்சினை யாருக்குத் தெரியாது, ஆனால் கண்ணால் பார்க்காததற்கு எப்படிக் கோடு போடுவது, கை தயங்கியது, தயங்கியது தயங்கியதுதான். இருபது முடிந்ததென்று அவன் கையை உயர்த்திக்கொண்டு வேகத்தைக் குறைத்தபோது தாளில் பத்தொன்பது கோடு, பின்னால் வந்து இருபதை முடித்த எஸ்டேட் துரைக்குக் கொடி விழுந்தது. உமக்கு நிச்சயமா என்று கமிட்டித் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டாரே, அப்போது ஒரு வார்த்தை, ஒன்று விட்டிருப்பேன் என்று ஒரே ஒரு வார்த்தை... நிச்சயம் என்றார் நூருல் அமீன். யா அல்லாஹ், எதைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொன்னேன், இந்தக் கடைப் பலகையில் இருக்கிற பெயரையா? அன்று சாப்பாட்டில் உட்கார்ந்தபோது மனைவி நஜ்முன்னிசா, "அந்தத் திருவாதவூர்க்காரன் தோத்துட்டானாமே, பாவம்" என்றாள், அதற்கும் சோற்றைப் பிசைந்துகொண்டு ஆமாம் என்றார்.

"என்ன பாய், ரொம்பக் கெட்டுப் போச்சா?"

"வாட்சுல ஒரு கோளாறும் இல்ல தம்பி. சரியாத்தான் ஓடுது."

காசிமாயன் சிரித்தான். "அப்ப எங்கிட்டதான் கோளாறு. காரக்கூட வித்துட்டேன். அன்னையிலருந்து இப்படித்தான் பாய். இருவதுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், நீங்க பத்தொம்பதுன்னீக. இப்ப பஸ்ஸுல ஆள மூணு தடவ எண்றேன், கண்டக்டர் சங்கிலி கேலி பண்றான். பிரேக்கு போட்டமா இல்லையான்னு எறங்கிப் போயிப் பாக்குறேன். மணி பாத்தாக்கூட இதுவும் தப்போன்னு தோணுது."

ஒரு கோப்பைதான் போயிற்று, இளவயசு, அடுத்த வருஷம் ஓட்டிக்கொள்வான் என்றல்லவா இத்தனை நாள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார், இவன் அந்தக் காரையே விற்றுவிட்டு, தன் கண்ணையும் தன் எண்ணிக்கையையும் நம்பாமல்... வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தம்பி, இருவதுதான். நான்தான் ஒண்ண விட்டுட்டேன். கண்ணாடி தொடச்சுக்கிட்டு இருந்தேன், நீ போன சத்தம் கேட்டுச்சு, கோடு போடல."

காசிமாயன் எழுந்து வாட்சை எடுத்து மணிக்கட்டில் கட்டினான், ஓட்டை தப்பி மறுபடி கட்டினான். "எம் மனசு தேறணும்னு சொல்றீக. ஒங்க கை தப்புமா பாய்? ஊருக்கே தெரியும்."

"இல்லப்பா, நெசமாத்தான்..."

"நல்ல மனசு பாய் ஒங்களுக்கு. வாரேன், பஸ்ஸ எடுக்கணும்."

போகிறான், தெருமுக்கு திரும்பவில்லை இன்னும், எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம், கையைப் பிடித்து நிறுத்தலாம், கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதி அவன் கையிலேயே கொடுக்கலாம், தாள் இருக்கிறது, பேனா இருக்கிறது, பிறகு ஏன் கால் எழ மாட்டேன் என்கிறது... சொல்லியாயிற்று, நம்பாதது அவன் பாடு என்று நெஞ்சுக்குள் என்னவோ மெதுவாக இறங்கியதே, அது என்ன? துக்கம் என்றுதான் முதலில் நினைத்தார், கூஜாவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தால், அது நிம்மதியாக இருந்தது.