பன்னிரண்டாம் நாள் வரை

அக்கா வீட்டுக்காரருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலை எடுத்துவிட்டார்கள். மனிதர் வாய் ஓயாதவர். சிலேட்டில் எழுதிக் காட்டி அவர் எரிச்சல்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், போனில் தட்டினால் வீட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி சின்னதாக ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தேன். எனக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர்தான். வீட்டில் விஞ்ஞானி என்று கிண்டல் பெயர் வேறு.

எழுதுவதெல்லாம் சேர்ந்து கிடக்க ஓர் இடம் வேண்டும். இணையம் வழியாக இடம் தருகிற ஒரு கம்பெனியிடம் கிளவுடில் ஒரு டேட்டாபேஸை வாடகைக்கு எடுத்தேன். பராமரிப்பு அந்தக் கம்பெனியின் பொறுப்பு, தினமும் அவர்களே நகல் எடுத்துவைப்பார்கள். முதலில் ‘சோதனை’ என்று ஒன்று. பன்னிரண்டு நாள் ஓடிய பிறகு, உள்ளே இருந்ததை அப்படியே நகலெடுத்து, இன்னும் கெட்டியான பூட்டுகளோடு ‘வீடு’ என்று இன்னொன்று. தளம் இனி ‘வீடு’ பக்கம்தான் போக வேண்டும் என்று முகவரியை மாற்றினேன். என் லேப்டாப்பில் மாற்றினேன். தளம் ஓடுகிற சர்வரில் மாற்றவில்லை. இரண்டிலும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும்.

ஐந்து மாதம் அத்தான் எழுதியதெல்லாம் ‘சோதனை’க்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தளம் ஒழுங்காக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தான் இறந்த பிறகு அவருடைய பேச்சு என்று அக்காவுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து, வெட்டியாக ஓடுகிறதே என்று ‘சோதனை’யை அழித்தேன். கடைசியாக ஒரு நகல் வேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்றேன். தினசரி நகல்களும் சேர்ந்தே போய்விடும், சம்மதமா என்று கேட்டது. பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதற்கும் டிக் போட்டேன்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டு, பக்கம் திறக்கவில்லை என்றாள். சர்வரைத் திறந்து பார்த்தேன், அங்கே முகவரி இன்னும் ‘சோதனை’ என்றே இருந்தது. கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சினேன். மீட்க வழியில்லை என்று மரியாதையாகவே பதில் போட்டார்கள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் போனேன். அக்கா சாப்பாட்டு மேசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். தளத்தை ‘வீடு’ பக்கம் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டு நாள் இருந்தது. தண்ணி. ஃபேனைக் குறை. தலையணை. டாக்டர் எப்ப வருவார். அதற்குப் பிறகுதான் அத்தானுக்குக் கை பழகி, பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்திருந்தார்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள், கீழே ஒன்றும் வராத பிறகும்.

படித்ததில் ஏதாவது ஞாபகம் இருந்தால் சொல், எழுதி வைக்கிறேன் என்றேன். ஒரு நப்பாசைதான்.

“மருந்து, ஊசின்னு ஓடிட்டே இருந்தேன். ரெண்டு வரி பார்ப்பேன், மூடிடுவேன்,” என்றாள் அக்கா. “நீ பத்திரமா வச்சிருப்பன்னுதானேடா மிச்சத்தைப் படிக்காம விட்டேன்.”