பாடத்துக்கு ஆகாத காயம்

விடியுமுன்பே சலவைக் கூடத்து அடுப்புகள் எரிந்தன. கொதிக்கும் சலவைச் சோடா நீரில் ரத்தக்கறைத் துணிகளைத் துடுப்பால் புரட்டிக்கொண்டிருந்தாள் செல்லக்கனி. ஆவியில் கண் எரிந்தது. சோடாக் காரம் தின்ற விரலிடுக்குகள் வெளுத்துக் கிடந்தன.

காலராக் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகக் கூலிகளுக்காக ஓலைக்கொட்டகையாய்த் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. வைத்தியப் பள்ளி சேர்ந்ததும் கல் கட்டடம் ஆயிற்று. பல ஜில்லாக்களிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். சலவைப் பெண்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயன்களும் அதே மதிலுக்குள்தான். வேலை போனால் வீடும் போகும்.

அண்டாவின் காது விரிசல் விட்டிருப்பதைப் பலமுறை சொல்லியாயிற்று. யுத்த காலத்தில் செம்பு கிடைக்காது என்றது நிர்வாகம். அன்று இறக்கும்போது காது பிய்ந்தது. கொதிநீர் செல்லக்கனியின் கால்களில் கொட்டியது.

உடன் வேலை பார்க்கும் மெட்டில்டாவும், நோயாளிகளைச் சுமக்கும் மாசானமும் அவளைத் தூக்குக்கட்டிலில் கிடத்திப் பெண்கள் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாக இருந்தது. மாணவர்கள் சூழ வந்த பெரிய டாக்டர் சம்பத்குமார் தடுத்தார்.

“அது பரீட்சைக் கட்டில். அபூர்வமான கேஸ் வந்தா போடணும். இந்தக் காயம் பையன்கள் நிறையப் பார்த்தாச்சு. மருந்து தடவி லயனுக்கு அனுப்பு.”

“லயன்ல ஈ மொய்க்கும்யா. சீப் பிடிச்சிரும்,” என்றாள் மெட்டில்டா.

“எனக்குப் பாடம் சொல்றியா?”

“இல்லய்யா. கட்டில் கேக்கேன். அதுல விரிச்சிருக்க துணி இவ வெளுத்தது.”

“வேலையப் பாரு. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணு.”

கடலில் சங்கு குளிக்கப் போய்த் திரும்பாதவன் மெட்டில்டாவின் புருஷன். பிள்ளைகளோடு போக அவளுக்கு வேறு கூரை இல்லை. சலவைக் கூடத்துக்குத் திரும்பியவள், அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

“ஏளா, வீடு போயிருமே,” என்றாள் பக்கத்து அடுப்பில் வெளுத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள்.

“போகத்தான் செய்யும். நாளைக்கு நீ வெந்தாலும் இதத்தான் சொல்லுவாவ.”

இசக்கியம்மாள் துடுப்பைக் கீழே வைத்தாள். பிறகு தன் அடுப்பையும் அணைத்தாள்.

வார்டு முற்றத்தில் தூக்குக்கட்டிலோடு இறக்கிவைக்கப்பட்ட செல்லக்கனியைச் சுற்றிச் சலவைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். மாணவர்களுக்குக் காட்டவிருந்த ஆப்பரேஷன் துணியில்லாமல் நின்றது. அதட்ட வந்த மேஸ்திரி, அவர்களோடு உட்கார்ந்திருந்த மாசானத்தை எழச் சொன்னான்.

“இவளுக்குக் கட்டில் குடுங்க, எந்திக்கேன்,” என்று மாசானம் தரையிலேயே இருந்தான்.

வெளிக்கதவுக்குப் பூட்டு விழுந்தது. போலீசுக்கு ஆள் போயிருப்பதாகச் சொன்னார்கள். அழுத ஒருத்தியின் கையை மெட்டில்டா பிடித்துக்கொண்டாள்.

செல்லக்கனி முனகினாள்.

“கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. கால்ல வெயில் விழுது.”

தோளோடு தோள் ஒட்டி நெருங்கினார்கள். வேலையை விட்டு வார்டிலிருந்து இறங்கி வந்த ஆயாக்களுக்கும் இடம் விட்டார்கள்.