கம்பியை நிறுத்து

அண்ணன் இயந்திரம் ஓட்டுகிறவன், தம்பி கம்பி நிறுத்துகிறவன். கணினியில் வரைந்த சுவரை அந்த இயந்திரம் பற்பசை பிதுக்குவதுபோலக் கான்கிரீட்டைப் பிதுக்கி, வரிமேல் வரியாக எழுப்பிவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் உள்ளே இரும்பில்லாத சுவர் வெறும் வீம்புதான், பக்கவாட்டில் ஓங்கி ஒரு தள்ளு விழுந்தால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அதனால் சுவரை இரட்டைத் தோலாக எழுப்பி, நடு இடைவெளியில் தம்பி கம்பிகளை நட்டமாக நிறுத்திக் கட்டுவான்.

ஆரம்பத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அண்ணன் 'நிறுத்து' என்று கத்தினால் கம்பியை நிறுத்தச் சொல்கிறானா, வேலையையே நிறுத்தச் சொல்கிறானா என்று தம்பி திருதிருவென விழிப்பான். ஒருமுறை கம்பியைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கவே கிளம்பிவிட்டான். அன்றைக்கு அண்ணன் சட்டம் போட்டான்: 'நிறுத்து' என்றால் கம்பி, இயந்திரத்தை அணைக்க 'கட்'.

அன்று கட்டியது ஒரு வட்ட அறை. ஒவ்வொரு கம்பிக்கும் இயந்திரம் காத்திருக்க வேண்டும், முதலாளியோ வேலை நகரவில்லை என்று காலையிலேயே கடித்துக் குதறியிருந்தார். தம்பி அந்தப்பக்கம் கம்பி வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் காத்திராமல் ஒரு பக்கச் சுவரை இடுப்பளவுக்கு ஓட்டிவிட்டான். தம்பி வந்து இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஒரு கம்பிகூட இல்லை.

நேராக அண்ணன் நின்ற மேடையில் ஏறி, அண்ணனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு, வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. அடி வலித்ததைவிட அடித்தது தம்பி என்பதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. கண்மண் தெரியாமல் கையில் கிடைத்த ஸ்பேனரை வீசினான், தம்பியின் காதோரம் ரத்தம் வழிந்தது. கலவை போடுகிறவர் ஓடிவந்து நடுவில் விழுந்தார். சுவர் முடியட்டும், அப்புறம் வெட்டிக்கொண்டு சாவுங்கள் என்று திட்டிப் பிரித்துவிட்டார்.

அதன்பிறகு பேச்சில்லை. அண்ணன் உத்தரவே போடவில்லை, வேகத்தைத்தான் கூட்டினான். முடிந்தால் கட்டட்டும் என்று கறுவினான். தம்பி வட்டத்துக்குள் இறங்கி, விட்டுப்போன கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினான். முழங்கைக்கு மேல்வரை கை இடைவெளிக்குள் இருக்க, கான்கிரீட் பிதுக்கும் இயந்திரத்தின் தலை சுற்றிக்கொண்டு வந்தது. கட்டுக்கம்பியில் கையுறை மாட்டிக்கொண்டது. இழுத்தும் கை வரவில்லை.

"அண்ணே, நிறுத்து."

உயிருக்கு நடுங்குகிறவன் வாயில் சட்டமா வரும்? அண்ணனுக்கோ அது நக்கலாகப் பட்டது. தன் உத்தரவையே தன் மூஞ்சியில் எறிகிறான் என்று எடுத்துக்கொண்டான். அந்தக் குரலில் பயம் இருந்ததும் அவன் காதில் விழத்தான் செய்தது. கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தான். வேகத்தை இன்னும் ஒரு புள்ளி ஏற்றினான்.

இயந்திரத்தின் தலை கம்பியில் மோதி, அதை வளைத்து, கையோடு சேர்த்துச் சுவரில் நெரித்தது. எலும்பு முறிந்த சத்தம் கலவை ஏற்றும் பம்பின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. இரும்பு முழுதாக ஏறாத, இன்னும் இறுகாத அந்தப் பக்கம் முழுவதும் சாய்ந்து தம்பியின்மேல் விழுந்தது. அப்போதுதான் அண்ணன் சிவப்புப் பொத்தானை அடித்தான். குதித்து, வெறுங்கையால் தோண்டினான். முகத்தை வெளியே இழுத்து, வாய்க்குள் அப்பியிருந்த கான்கிரீட்டை விரலால் வழித்தெடுத்தான். மூச்சு வந்தது. முழங்கைக்குக் கீழே கை சட்டைத் துணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கையை எடுத்துவிட்டார்கள்.

நடைபாதையில் தம்பியின் மனைவி அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"அவர் கத்தலையா மாமா?"

"கத்தினான்."

"என்னன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் நாக்கில் பொய் வரவில்லை. தம்பி சொன்னதை அப்படியே சொன்னான்.

அவளுக்கு அந்த வேலை தெரியாது, அண்ணன் போட்ட சட்டமும் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் என்ன அர்த்தமோ அதுதான் அவளுக்கும்.

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் அந்தக் குரலின் பயத்தைக் கேட்டும்தானே வேகத்தை ஏற்றினான்.

அவள் அறைந்தாள். கிழிந்த உதட்டின் மேலேயே திரும்பத் திரும்ப அறைந்தாள். நர்ஸ் ஓடிவந்தாள். அவன் தடுக்கவில்லை, தடுக்க அவனுக்கு இரண்டு கையும் இருந்தன.