கூப்பிட்ட குரல்

தையல் கடைக்காரிக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. ஞாயிறு விடிந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டு, முட்டளவு சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரை பிடுங்கப் போய்விடுவாள். சம்பளமா கிம்பளமா என்று நக்கலடித்து நக்கலடித்து அவள் புருஷனே ஓய்ந்துபோனான். ஏரியைக் காக்க வரும் தன்னார்வலர்கள் அவளுக்கு வைத்த பெயர் குருவியக்கா. எந்தப் பறவை மாதிரியும் அச்சு அசலாகக் கத்துவாள்.

நாணலுக்குள் ஒரு ஜோடி நீர்க்கோழி இருந்தது. அபூர்வ ஜாதி, அந்த ஏரியில் மிஞ்சியது அது ஒன்றுதான். லேசில் கண்ணில் படாது, ஆனால் கூப்பிட்டால் பதில் கொடுக்கும். குருவியக்கா கரையில் நின்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து பதில் வந்தால், சரி, உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். கூட்டை மிதிக்காமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது? போகப் போக ஆண் பறவைக்குப் பயம் விட்டுப்போனது. அவள் கூப்பிட்டால் காலடி வரைக்கும் நடந்து வந்தது. பெற்ற பிள்ளை நடந்து வந்த மாதிரி அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று தன்னார்வலர் குழுவின் செயலாளர் அந்தக் குரலைத் தன் போனில் பதிவு செய்துகொண்டார். தங்கமான மனிதர். இவளும் வாய் நிறைய அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

மறந்துவிட்டு வந்த ரப்பர் பூட்ஸை எடுக்க, ஒரு வேலைநாளில், வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் போனாள். கரையேறும்போதே கூப்பிடும் சத்தம் கேட்டது. பறவைதான் என்று நினைத்தாள். மறுபடியும் கேட்டது. அதே இழுப்பு, அதே இடத்தில் அதே மூச்சு. தன் குரல் தனக்குத் தெரியாதா? மூன்றாவது முறை கூவி முடித்த கையோடு நாணலுக்குள்ளிருந்து அவளே பேசினாள்.

"போதுமாண்ணே?"

பதிவு முடிந்ததும் அன்றைக்கு அவள் கேட்டது அது. அந்தப் பதிவு வேறு யாரிடமும் கிடையாது.

நாணல் இடுக்கில் வலை விரித்திருந்தது. ஆண் பறவை அதை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. சொந்த வீட்டுக்குப் போகிற நடை. இவள் கத்தினால் நிற்குமா? நிற்காது, இவள் பக்கமும் வலைப் பக்கமும் ஒரே குரல்தானே. மனிதக் குரலை நம்ப வைத்த பாவியே இவள்தானே! குனிந்து கல்லை எடுத்தாள். வீசினாள்.

கல் சிறகில் பட்டது. பறவை அலறிக்கொண்டு எழுந்தது. அதன் ஜோடியும் கூட்டை விட்டு எழுந்தது. இரண்டும் ஏரியை ஒட்டியிருந்த ஆலையின் சுவரைத் தாண்டிப் போயின. இனி வராது. இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாணலை விலக்கிக்கொண்டு செயலாளர் வெளியே வந்தார். வலையை நிதானமாகக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதைப் பார்த்துத்தான் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"நீயாம்மா? தனியாவா வந்தே?"

"இல்லண்ணே. அவரும் வராரு, பின்னாடி."

செயலாளர் எட்டி, அவளுக்குப் பின்னால் நீண்டு கிடந்த கரையைக் கடைசி வரைக்கும் பார்த்தார். ஈ காக்கை இல்லை.