தண்ணீர் குடிக்குதா?

மெர்வ் ஹாலினனுக்குக் காட்டுப் பூனை சுடுவதுதான் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் பறவைகளைத் தின்று தீர்க்கும் அவற்றை ஒன்றுவிடாமல் ஒழித்துக்கட்டத்தான் சம்பளம். அந்த வாரம் மூன்று நாளில் பதினாலு பூனை. ரத்தம் காய்ந்த கையோடு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து கொட்டகையைத் திறந்தால், உள்ளே கிடந்தது அவனுடைய சொந்தப் பூனை பாஸம். பன்னிரண்டு வயசு. கிளம்புகிற அவசரத்தில் உள்ளே பார்க்காமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி. மூன்று நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கதவின் உட்புறமெல்லாம் நகக்கீறல், கீறலெல்லாம் ரத்தம்.

அள்ளிப்போட்டுக்கொண்டு கிங்ஸ்கோட் ஊருக்கு வண்டியை விரட்டினான்.

கால்நடை மருத்துவர் இசோபெல் ஊசியை எடுத்ததுதான் தாமதம், செத்ததுபோல் கிடந்ததற்கு எங்கிருந்தோ வெறி வந்தது. அவள் கட்டைவிரலை எலும்புவரை கடித்துக் குதறியது. இரண்டு பேர் துண்டைப் போட்டு அமுக்கித்தான் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுக்கலாம் என்றால் சிறுநீர்ப்பையில் ஒன்றுமே இல்லை.

"தண்ணி குடிக்குதா, மெர்வ்?"

உண்மையைச் சொன்னால், பூனை கொல்கிறவன் தன் பூனையையே தாகத்தில் வதைத்தான் என்று மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"குடிக்குதே. குடம் குடமா குடிக்குது."

அந்த ஒரு பொய்யை நம்பித்தான் அவள் மற்றதைச் சொன்னாள். அவ்வளவு குடித்தும் உடம்பு வற்றிக் கிடக்கிறதென்றால், சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியவில்லை. குடிப்பதெல்லாம் நிறமில்லாமல் பச்சைத் தண்ணீராகவே வெளியே போய்விடுகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எக்கச்சக்கம். நோய்க்கு நாலு நிலை, இது நாலாவது போலிருக்கிறது என்றாள். இரண்டு நாள் டிரிப் ஏற்றி மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், பூனையை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்றும் சொன்னாள். மெர்வ் காதில் விழுந்தது நாலு மட்டும்தான். சுவரில் ஓங்கிக் குத்தினான். பலகை உடைந்து முட்டி கிழிந்தது.

"கூண்டுல கெடந்து சாக விடமாட்டேன். என் பூனைய நானே முடிச்சுக்கறேன்."

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினான். துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு, பாஸமைத் தரையில் விட்டு, காதுக்குப் பின்னால் குறிவைத்தான். அதுவோ அவனைச் சட்டையே செய்யவில்லை. தள்ளாடித் தள்ளாடி, நாய்க்குத் தண்ணீர் வைத்திருந்த வாளிக்குப் போய், தலையை உள்ளே விட்டு நக்கி நக்கிக் குடித்தது. குடித்து முடிக்கட்டும் என்று நின்றான். குடித்துவிட்டு, குழியிலிருந்து வெட்டிப்போட்ட மண்ணில் குந்தி நாலு சொட்டு விட்டது. கடுந்தேநீர் நிறம். நாற்றம் மூக்கைப் பிளந்தது.

பச்சைத் தண்ணீராகத்தானே போகும் என்றாள்?

அப்படியானால் இதன் சிறுநீரகம் இன்னும் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. வற்றவைத்தவன் அவன். தோட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி கிங்ஸ்கோட்டுக்குப் பறந்தான்.

"நான்தான் கொட்டகைல வச்சுப் பூட்டிட்டேன். மூணு நாள். தண்ணியே இல்ல."

இசோபெல் கட்டுப் போடாத கையால் அவனைப் பளாரென்று அறைந்தாள். "யோவ், என் வாயாலயே அதைக் கொல்லப் பாத்தியே."

பிறகு டிரிப் ஏற்றினாள். இரண்டு நாளில் கிரியேட்டினின் பாதிக்குமேல் இறங்கியது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம் பார்த்தார்கள். நோய் இருக்கத்தான் செய்தது, ஆனால் இரண்டாம் நிலை. சாப்பாட்டை மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும் என்றாள். அவன் அழுதுகொண்டே சுவருக்குப் புதுப் பலகை அடித்துக் கொடுத்தான்.

அடுத்து வந்த திங்கட்கிழமை விடிகாலை வேலைக்குப் போனான். ஆட்டுத் தொட்டியில் ஒரு காட்டுப் பூனை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குறி சரியாக விழுந்தும் அவன் விசையை அழுத்தவில்லை. அது குடித்து முடித்து வாயை நக்கிக்கொள்ளும்வரை காத்திருந்தான். அப்புறம் சுட்டான்.