சனிக்கிழமைக் காய்கறி

அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தது நில அளவை வகுப்பு. ஆள் மெலிசு, குரல் கீச்சு. முதலாம் ஆண்டில் ஒருநாள், மைதானத்தில் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கம்போடு சேர்ந்து சரிந்து விழுந்தாள். கல்லூரி மருத்துவ அறையில் நர்ஸ் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை என்று மறுநாள் சீட்டு வந்தது.

"கொசுவுக்கே ரத்தம் இல்லையாம்டா" என்றான் வகுப்பில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

அறைக்கு வந்து அதைச் சொன்னபோது சிரிக்காதவள் அறைத்தோழி ஒருத்தி மட்டும். அவள் உணவியல் மாணவி. யார் எதை வாயில் வைத்தாலும் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிவிடுவாள். அதனால் விடுதி மாடி முழுக்க அவளுக்குச் 'சத்து' என்றே பெயர்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"டீ."

"மத்தியானம்?"

"பன்னு. டீ."

"ராத்திரி மட்டும் பன்ன மாத்திட்டு பிஸ்கட்டா? இப்படியே போனா அடுத்த தடவ கம்புதான் உன்னப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றாள் சத்து. அன்றே பழைய நோட்டு அட்டை ஒன்றில் பட்டியல் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினாள். பருப்பு, கீரை, முட்டை, பயறு. சாப்பாட்டின் மேல் எலுமிச்சை பிழிய வேண்டும், அப்போதுதான் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. நர்ஸ் கொடுத்த மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும்.

எல்லாம் சரி, காசு? கல்லூரி கொடுக்கும் உணவுப்படியில் பன்னும் டீயும் வாங்கினால் மாதம் ஓடிவிடும். கீரையும் காயும் வாங்கினால் இருபதாம் தேதியே கை காய்ந்துவிடும்.

வழி கண்டுபிடித்தவள் கொசு. சந்தைத் தெருக் கோடியில் இருந்த காய்கறிக் கடையில், சனிக்கிழமை சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போய் நின்றாள். ஞாயிறு கடை விடுமுறை.

"ஒத்தாசைக்கு ஆள் வேணுமாக்கா?"

கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சம்பளம்லாம் கிடையாது. திங்கக்கிழமை வரைக்கும் தாங்காதத எடுத்துட்டுப் போ. வேலை செய்வியா, இல்ல விழுந்து வைப்பியா?"

"செய்வேன்க்கா."

இரண்டு மணி நேர வேலை. நசுங்கிய தக்காளியைத் தனியே பொறுக்க வேண்டும், பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், உருளைக்கிழங்கு மூட்டையை உள்ளே இழுக்க வேண்டும். முடிந்ததும் பெரிய பை நிறையக் காய் கிடைக்கும். கோணல் கேரட், வாடிய கீரை, ஒரு பக்கம் அடிபட்ட பூசணித் துண்டு. வேலை முடியும் நேரத்துக்குச் சத்து வந்துவிடுவாள். பையின் ஒரு கைப்பிடி கொசுவுக்கு, மற்றது சத்துவுக்கு. மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டும், சிரிப்பும் முட்டும்.

நான்கு மாதத்தில் ரத்தம் பத்தரைக்கு ஏறியது. "ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று சத்து அடிக்கடி படம் எடுப்பாள். தட்டை எடுப்பாள், நாக்கை நீட்டச் சொல்லி எடுப்பாள், இமையை இழுத்துப் பிடித்து எடுப்பாள். கொசுவும் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயறு உரித்துக்கொண்டிருந்தபோது கொசு அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அம்மா வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். தம்பிக்கு மூச்சிரைப்பு, மருந்து நிறுத்த முடியாது. உணவுப்படியில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் அவள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இது நான் சாப்பிடுறதுக்குக் கொடுக்கிற காசு. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. யார்கிட்டயும் வாயத் திறந்துடாத."

"என்னப் பாத்தா சொல்றவ மாதிரியா இருக்கு?" என்று சத்து அவள் தலையில் ஒரு பயறை எறிந்தாள்.

ஆண்டு இறுதியில் உணவியல் துறையின் ஆய்வுப் போட்டி வந்தது. சத்து பேசப் போகிறாள் என்பதற்காகக் கொசு தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. திரையில் தலைப்பு வந்தது: 'குறைந்த செலவில் நிறைந்த உணவு.' அடுத்த படத்தில் ஒரு நாக்கு. அதற்கடுத்து இழுத்துப் பிடித்த இமை. பிறகு முழு முகம், கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் கழுத்தெலும்பும், அந்தச் சாயம் போன பச்சைச் சட்டையும் கல்லூரியில் யாருக்குத் தெரியாது? பின்வரிசையில் யாரோ "கொசுடா" என்றது காதில் விழுந்தது.

சத்து நிதானமாகப் பேசினாள். ஏழரை, பத்தரை. மாத்திரையைப் பற்றி ஒரு வரி இருந்தது. கடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. செலவுப் பட்டியலில் காய்கறிக்கு நேராக மிகச் சிறிய ஒரு தொகை மட்டும் இருந்தது, எலுமிச்சை வாங்கிய காசு. பிறகு அவள் சொன்னாள்: "உணவுப்படியே தேவைக்கு அதிகம். இந்த மாணவி இவ்வளவும் சாப்பிட்டு, படியில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்கும் அனுப்புகிறார்."

கைதட்டினார்கள். கொசுவின் கைகள் மடியில் அப்படியே கிடந்தன. முகம் காந்தியது. எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அறைக்கு வந்த சத்துவின் கையில் முதல் பரிசுக் கோப்பை இருந்தது.

"என்னக் கேட்டியா?" என்றாள் கொசு.

"பேர் எங்கயும் போடலயே. கண்ணக்கூட மறைச்சிருக்கேன்."

"கண்ணத்தான் மறைச்ச. வீட்டுக்கு அனுப்புறத எதுக்குச் சொன்ன?"

சத்து கோப்பையை மேசையில் வைத்தாள். "அது இல்லாட்டி அழுத்தமா இல்லன்னு சார் சொன்னாரு. கடை வேலையச் சேத்தா கணக்கு நிக்காதுன்னும் சொன்னாரு. எனக்கு இந்தப் பரிசு இருந்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரில பயிற்சி கிடைக்கும். புரிஞ்சுக்கோ. உனக்கு நல்லதுதானே நடந்துச்சு? ரத்தம் ஏறலையா?"

கொசு கோப்பையைப் பார்த்தாள். ஏறியது உண்மைதானே.

பதினைந்து நாளில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். துறையின் ஆய்வு முடிவுப்படி, அடுத்த பருவத்திலிருந்து உணவுப்படி மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். படி வாங்கும் நாற்பது பேரும் தாளைப் படித்துவிட்டுக் கொசுவைத்தான் பார்த்தார்கள். எதிர் அறைக்காரி மாடிப்படியில் மறித்துக் கேட்டாள், "உனக்குக் காசு மிஞ்சுதுன்னா எங்க வயித்துல எதுக்கு அடிக்கிற?"

மறுநாள் காலை கொசு மாணவர் நல அலுவலரின் அறைக் கதவைத் தட்டினாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்ளும் வயதான அம்மாள் அவர்.

"அந்த ஆய்வுல இருக்கிறது நான்தாம்மா. வீட்டுக்கு அனுப்புறது நிஜம். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா காய் காசு கொடுத்து வாங்கினது இல்ல. வாராவாரம் கடைல வேலை செஞ்சு வாங்கினது. நாப்பது பேருக்கும் அப்படி ஒரு கடை கிடைக்காதும்மா."

அலுவலர் யோசித்துவிட்டுச் சத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். சத்து வந்து நின்றாள். கொசுவின் பக்கம் திரும்பவே இல்லை.

"இவ கடைல வேலை செஞ்சது உனக்குத் தெரியுமா?"

ஒரு கணம்தான் தயங்கினாள். "தெரியாது மேடம். காசு கொடுத்து வாங்குறான்னுதான் நினைச்சேன்."

மேடையில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று கொசுவுக்குத் தோன்றியது. அங்கே அவள் சொன்னதில் பாதியாவது உண்மை. இது முகத்துக்கு நேரே சொன்ன பொய். அழுகை வரவில்லை. "கடைக்கார அக்காவக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அலுவலர் போனில் கேட்கத்தான் நினைத்திருந்தார். கடைக்காரி நேரிலேயே வந்துவிட்டாள், இடுப்பில் கட்டிய சாக்குத் துணியோடு. சத்துவை மறுபடியும் கூப்பிட்டார்கள்.

கடைக்காரி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அட, இந்தப் பொண்ணும்தாம்மா வரும். ரெண்டும் பைய ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போகும். பாக்கவே நல்லா இருக்கும்."

அவள் நல்லவிதமாகத்தான் சொன்னாள். சத்து தலையைக் குனிந்துகொண்டாள்.

படிக் குறைப்பை நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய விஷயத்தை அலுவலர் காதில் போட்டுக்கொள்ளாததுபோல் விட்டுவிட்டார். பரிசைத் திரும்ப வாங்கவில்லை. அதில் சத்துவுக்கு வழிகாட்டிய ஆசிரியரின் பெயரும் இருந்தது. சத்து வேறு மாடிக்கு அறை மாறினாள். பெட்டியைத் தூக்கும்போது வாசலில் நின்று, "பயந்துட்டேன்டி" என்றாள். கொசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஒருத்திக்குச் சமைப்பதில் உள்ள நஷ்டம் அதன் பிறகுதான் தெரிந்தது. கட்டுக் கீரையில் பாதி வீணானது. பருப்பு குறைவாகப் போட்டால் அடிப்பிடித்தது. ஒரு மாதம் போராடிப் பார்த்துவிட்டு, எதிர் அறைக்காரியின் கதவைத் தட்டினாள்.

"சேந்து சமைக்கலாமா? உனக்கும் செலவு குறையும்."

எதிர் அறைக்காரிக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாடிப்படியில் கத்தியதற்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். நல்லவள். வெங்காயம் நறுக்கும்போதே சளசளவென்று பேசினாள். தன் அப்பா, அக்கா, அக்காவின் மாமியார் என்று எல்லோரையும் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள், "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

கொசு கரண்டியால் பருப்பைக் கிளறினாள்.

"உப்பு சரியா இருக்கா, பாரு" என்றாள்.